ஆறரைக்குள் ஒரு ஜெபமாலை

இன்னாசியம்மா டீச்சர் அருள் நிறைந்த மரியே ஜெபத்தில் தன் பாதியைச் சொல்லி முடித்துவிட்டு நின்றார். மறுபாதி அமலோற்பவத்தின் பங்கு. அது வரக்காணோம். கோயிலுக்குள் மின்விசிறி மட்டும் டக் டக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. டீச்சர் முழங்கையால் ஒரு இடி இடித்தார். அறுபத்தாறு வயசு முழங்கை, நல்ல எலும்பு. அமலோற்பவம் திடுக்கிட்டு, தூய மரியே இறைவனின் தாயே என்று ஆரம்பித்தவள், பாதி வழியில் தடம் மாறி, எங்கள் இறப்பின் வேளையிலும் என்பதற்குப் பதிலாக எங்கள் மரண நேரத்திலும் என்று சின்ன வயசில் படித்த பழைய ஜெபத்துக்குள் போய்விட்டாள். புது ஜெபம் வந்து எத்தனையோ வருஷம் ஆயிற்று. நன்றாகத்தான் சொல்வாள். பயம் வந்தால் மட்டும் நாக்கு பழசுக்கே ஓடுகிறது. பீடத்துக்குப் பக்கத்துச் சுவரில் கடிகாரம் ஆறு மூன்று காட்டியது. ஆறரைக்கு அவள் போன் பண்ண வேண்டும். ஆறரைக்குக் கன்னியர் மடத்துச் சமையற்கட்டில், சமையல்கார அக்காளுடைய போனைக் கையில் பிடித்துக்கொண்டு ஜெசிந்தா நிற்பாள். காலையில் அந்தப் போனிலிருந்துதான் கூப்பிட்டிருந்தாள். பெற்ற மகள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள், அம்மா நான் வீட்டுக்கு வந்துடட்டுமா என்று. வா, அல்லது வராதே. ரெண்டே பதில். இந்த மகராசி என்ன சொன்னாள்? ஜெபம் பண்ணிட்டு சாயங்காலம் சொல்றேன்டி என்றாள். கடைக்காரன் கூட நாளைக்கு வா என்று சொல்லும்போது கொஞ்சம் வெட்கப்படுவான். இவளுக்கு அது கூட வரவில்லை. சரிம்மா என்றாள் ஜெசிந்தா. எதற்கும் சரிம்மா என்கிற பிள்ளை அது. அந்தச் சரிம்மாவைக் காலையிலிருந்து காதுக்குள் வைத்துக்கொண்டுதான் அமலோற்பவம் சோறு பொங்கினாள், துணி துவைத்தாள், கோயிலுக்கு வந்தாள்.

இந்தக் கோயில் பங்கில் ஒரு பழக்கம் உண்டு. தவக்காலத் தியானம் முடிந்த கையோடு, விருப்பமுள்ளவர்கள் தங்கள் பேரைச் சீட்டில் எழுதி ஒரு பிஸ்கட் டப்பாவில் போடுவார்கள். ஃபாதர் கண்ணை மூடிக்கொண்டு இரண்டிரண்டாக எடுத்து வாசிப்பார். சேர்ந்து வந்த இரண்டு பேரும் ஒரு வருஷத்துக்கு ஜெபத்துணை. வெள்ளிக்கிழமை தோறும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஐம்பத்து மூணு மணி சொல்ல வேண்டும், ஒருத்தியின் கருத்துக்காக, அதாவது அவள் மனசில் வைத்திருக்கிற வேண்டுதலுக்காக, மற்றவள் வேண்டிக்கொள்ள வேண்டும். போன வருஷம் சீட்டில் சேர்ந்தவர்கள் இவர்கள். இந்த வருஷம் சீட்டே போடாமல், எங்களை இப்படியே விட்டுடுங்க ஃபாதர் என்று டீச்சர் போய்ச் சொல்லிவிட்டார். டீச்சரின் கருத்து சுலபமானது. "எனக்கு ஒண்ணும் வேணாம் அமலா. படுக்கையில கெடந்து நாலு பேரு மூக்கப் பிடிக்காம போய்ச் சேரணும். அதுக்கு வேண்டிக்க" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். அமலோற்பவம் சொன்ன கருத்து என்ன? என் மகள் மடத்துல நிலைச்சு நிக்கணும், நல்ல கன்னியாஸ்திரி ஆகணும். வாயால் அப்படித்தான் சொன்னாள். டீச்சர் அதைக் கேட்டுக் கண் கலங்கிப்போனார். சும்மா ஜெபத்தோடு விட்டாரா? இந்த இரண்டு வருஷமாக வெள்ளிக்கிழமை மதியச் சோற்றை விட்டுவிட்டார். சர்க்கரை வியாதி உள்ள மனுஷி, மயக்கம் வந்தாலும் வாயில் ஒரு மிட்டாயைப் போட்டுக்கொண்டு சமாளித்தார். உன் பிள்ளை என் பிள்ளை மாதிரி அமலா என்பார். இன்றைக்கும் அவர் வயிறு காலி. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது அது உறுமுவது கேட்கிறது. இந்த ஜெபம் கேட்கப்படக் கூடாது என்று அதே பெஞ்சில், அதே மாதா முன்னால், மனசுக்குள் ஒருத்தி உட்கார்ந்து மன்றாடிக்கொண்டிருந்தாள் என்று டீச்சருக்கு எப்படித் தெரியும். பாவி. சண்டாளி. அமலோற்பவம் தன்னைத் தானே திட்டிக்கொண்டாள். திட்டினதில் இரண்டு மணியைச் சொல்லாமலே தாண்டிவிட்டாள்.

பத்து மணிக்கொரு மறைபொருள், இயேசு பட்ட பாடுகளில் ஒன்று. இது இரண்டாவது. இயேசு கற்றூணில் கட்டுண்டு அடிபட்டது. டீச்சர் சும்மா அறிவித்துவிட்டுப் போகமாட்டார், ஒவ்வொன்றுக்கும் சொந்தச் சரக்கு கொஞ்சம் சேர்ப்பார். கட்டிப்போட்ட பிறகு அடிக்கிறது எவ்வளவு கொடுமை பாரு, ஓடக்கூட முடியாதே என்றார். அமலோற்பவத்துக்கு ஆஸ்பத்திரிக் கட்டில் ஞாபகம் வந்தது. பெரியாஸ்பத்திரி குழந்தைகள் வார்டு. நாலு வயசு ஜெசிந்தாவுக்குக் கையை அட்டையோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள், ஊசியைப் பிடுங்காமல் இருப்பதற்கு. மூளைக்காய்ச்சல் என்றார்கள். இன்னைக்குப் பொழுது தாண்டணும்மா, அதுக்குமேல பாக்கலாம் என்று அந்த டாக்டர் பெண் சொல்லிவிட்டுப் போனாள். அவளும் சின்னப் பெண், முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சொன்னாள். பிள்ளை வெட்டி வெட்டி இழுத்தது. பல்லுக்கு நடுவில் ஸ்பூனை வைத்தார்கள். புருஷன் ராயப்பன் லைன்மேன், எங்கேயோ புயலில் சாய்ந்த கம்பத்தில் ஏறிக்கொண்டிருந்தான், சேதி போய்ச் சேரவில்லை. வராந்தாக் கோடியில் குழாயடி. சொட்டுச் சொட்டாய் ஒழுகுகிற குழாய். அங்கே போய் நின்றாள். மொட்டை போடுகிறேன், வெள்ளியில் உருவம் செய்து வைக்கிறேன், பிள்ளை உயரத்துக்கு மெழுகுவத்தி ஏற்றுகிறேன், ஊரில் எல்லாரும் நேர்ந்துகொள்கிற எல்லாம் வாய்க்கு வந்தது, எல்லாம் கொசுறாகத் தெரிந்தது. உயிருக்கு மெழுகுவத்தியா? மாதாவே, இவளை எனக்குக் குடு, நான் இவளை உனக்கே குடுத்துடுறேன், மடத்துக்கு அனுப்பிடுறேன், சத்தியம் என்றாள். சத்தமாகக் கூடச் சொல்லவில்லை. பக்கத்தில் ஒரு கிழவர் பல் துலக்கிக்கொண்டிருந்தார், அவருக்குக் கேட்டிருக்காது. விடிகிற நேரம் காய்ச்சல் இறங்கியது. தண்ணி வேணும் என்று பிள்ளை கேட்டது. டாக்டர் பெண் வந்து தொட்டுப் பார்த்து, பரவாயில்லையே என்றாள். அமலோற்பவம் சந்தோஷத்தில் அழுதாள். அந்த அழுகைக்கு நடுவிலேயே, ஐயோ என்ன சொல்லிவிட்டோம் என்று நினைத்ததும் அவளுக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது.

யாரிடமும் சொல்லவில்லை. ராயப்பனிடமும் இல்லை, ஃபாதரிடமும் இல்லை, பாவசங்கீர்த்தனத்தில் கூட இல்லை, அது பாவம் இல்லையே, எதை என்று போய்ச் சொல்வது. மகளிடமா? சொல்லவே வேண்டியிருக்கவில்லை. கெட்டிக்காரி அமலோற்பவம், காரியத்தை நடத்திக் காட்டினாள். மாறுவேடப் போட்டியா, சிஸ்டர் உடுப்பு தைத்துப் போட்டாள். நீ யாரு பிள்ளை, மாதா பிள்ளை என்று சோறு ஊட்டும்போதே ஊட்டினாள். பள்ளிக்கூடம் சிஸ்டர்மார் பள்ளிக்கூடம், லீவு விட்டால் சிஸ்டர்மார் நடத்துகிற முகாம். என்ன படிக்கலாம்மா என்று பிள்ளை கேட்டு வாயை மூடுவதற்குள் இவளிடம் பதில் தயாராக இருந்தது. என்றைக்காவது ஒருநாள் பிள்ளை கண்ணாடி முன்னால் கொஞ்சம் அதிகம் நின்றால், இரண்டு நாளைக்கு இவளுக்குத் தூக்கம் போகும். ஒவ்வொரு காய்ச்சலுக்கும் மாதா கூப்பிட்டுக் கேட்பது மாதிரி இருக்கும், என்ன அமலோற்பவம் மறந்துட்டியா என்று. பத்தாம் வகுப்பில் டெங்கு வந்தபோது, மறக்கல தாயே மறக்கல தாயே என்று இரவு பகலாகக் கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பிளஸ் டூ முடித்து, அம்மா எனக்கு இறை அழைத்தல் இருக்குன்னு தோணுது, நான் சிஸ்டராப் போறேன் என்று ஜெசிந்தா தானாகவே வந்து சொன்னாள். தானாகவே! ராயப்பன் இடிந்துபோய் உட்கார்ந்தான். நீ சொல்லேன்டி, வேணாம்னு சொல்லேன்டி என்று இவளைப் பார்த்துக் கெஞ்சினான். கடவுள் கூப்பிடும்போது நாம யாருங்க தடுக்க என்றாள். என்ன நெஞ்சழுத்தம். இன்றைக்குக் காலையில் அந்தப் பிள்ளை போனில் சொல்கிறது, ஆறு வருஷமாத் தேடிப் பாத்துட்டேம்மா, ராத்திரியெல்லாம் தூக்கம் வராம அழுறேம்மா, எனக்குக் கூப்பிட்ட மாதிரியே இல்ல, வேற யாரையோ கூப்பிட்டதுக்கு நான் எந்திரிச்சு வந்துட்டனோன்னு இருக்கு.

கடிகாரம் ஆறு பதினாறு. மூன்றாவதான முள்முடியும் முடியப்போகிறது. இன்னும் பன்னிரண்டு நாளில் முதல் வார்த்தைப்பாடு. ஜெசிந்தா பீடத்துக்கு முன்னால் முழந்தாளிட்டு, கன்னிமை, ஏழ்மை, கீழ்ப்படிதல் மூன்றுக்கும் வாக்குக் கொடுத்துக் கன்னியாஸ்திரி ஆகிற நாள். ஊர் முழுக்கப் பத்திரிகை வைத்தாயிற்று, ஃபாதர் பூசையில் அறிவித்தாயிற்று, வேன் சொல்லியாயிற்று. வேண்டாம் என்றால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். பேசட்டும், பேசிவிட்டுப் போகட்டும், அதெல்லாம் ஒரு பொருட்டா. வந்துடு என்று சொல்ல வேண்டும். மடியில் போட்டுத் தலை கோத வேண்டும். ஆறு வருஷமாக அந்த ஆசைதான், பெஞ்சில் உட்கார்ந்து மன்றாடியதும் அதுதான். ஆனால் வந்தால்? வந்த மறுவாரம் பஸ்ஸில் அடிபட்டால்? ஒரு தலைவலி வந்து, ஸ்கேன் எடுக்கச் சொன்னால்? குடுத்ததைத் திரும்பக் கேட்டாயே, அப்படியானால் நானும் குடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று மாதா சொன்னால்? மாதா அப்படிச் சொல்வாளா? அவளும் பிள்ளையைப் பறிகொடுத்தவள்தானே. அதனால்தான் பயமாக இருக்கிறது, அவளே கொடுத்திருக்கிறாள், கொடு என்று கேட்க அவளுக்கு உரிமை இருக்கிறது. மடத்தில் ராத்திரியெல்லாம் முழித்திருந்தாலும் உயிரோடு முழித்திருக்கிறாள். உயிரோடு அழுகிறாள். அது போதாதா? போதும் என்று எந்தத் தாய் சொல்வாள். இருந்துடுடி என்று சொல்லலாம், சரிம்மா என்பாள். அவ்வளவுதான், அரை நிமிஷத்தில் முடிந்துவிடும், இந்தப் பிள்ளை மறுபடி கேட்கவே கேட்காது. அது தெரிந்துதான் அமலோற்பவத்துக்கு எண்ணிக்கை தவறியது. பத்தாவது மணி முடிந்தது தெரியாமல் பதினொன்றாவதையும் சொன்னாள்.

டீச்சர் ஜெபமாலையை மடியில் வைத்துவிட்டார். "உனக்கு இன்னைக்கு என்னடி ஆச்சு?" என்றார். தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு மடக்குக் குடித்தார். ஒன்றுமில்லை டீச்சர் என்று சொல்ல வாய் திறந்த அமலோற்பவம், "நேந்துக்கிட்டுக் குடுக்கலைன்னா என்ன டீச்சர் ஆகும்?" என்று கேட்டுவிட்டாள். என்ன நேந்த என்றார் டீச்சர். "நானில்ல டீச்சர். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தங்க. பிள்ளைய நேந்தாங்க." மொட்டைக்கா என்றார். "இல்ல. பிள்ளையவே. மடத்துக்குக் குடுத்துடுறேன்னு." டீச்சர் பாட்டிலை மூடிக்கொண்டே, ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பில் பேசுகிற அதே குரலில், "அது நேர்ச்சையே கிடையாதே" என்றார். "நேர்ச்சை யாரு செய்யுறாங்களோ அவங்களத்தான் கட்டும். திருச்சபைச் சட்டத்துலயே இருக்கு. உன் வீட்டுக் கோழிய நான் எப்படி நேர முடியும்? கோழிக்கே அப்படின்னா மனுஷப் பிள்ளை. புதுநன்மை எடுக்குற ஏழு வயசுப் பிள்ளைங்களுக்கு நான் வருஷா வருஷம் சொல்லித் தர்றதுதான். ஃபாதர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா முடிஞ்சது. இதுக்குப் போயா பயந்துக்கிட்டு இருக்காங்க? எத்தன நாளா?" இருபது வருஷமா டீச்சர் என்றாள் அமலோற்பவம். டீச்சர் சிரிக்கப்போனார். சிரிப்பு பாதியில் நின்றது. அமலோற்பவத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணில் கணக்கு ஓடியது, ஜெசிந்தாவுக்கு இப்போது இருபத்துநாலு, அதில் இருபது போனால் நாலு. ஐயோ என்றார், மிக மெதுவாக.

நிம்மதி வர வேண்டுமல்லவா? எங்கே அது? அமலோற்பவம் அதற்காகக் காத்துக்கொண்டிருந்தாள், விக்கல் நிற்கிறதா என்று பார்ப்பது போல. வரவில்லை. கட்டவே இல்லையாம். முதல் நாளிலிருந்தே கட்டவில்லையாம். ஏழு வயசுப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிற பாடமாம், அன்றைக்கு இவள் வகுப்பில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்திருப்பாள். அப்படியானால் டெங்குக் காய்ச்சலில் கட்டிலைச் சுற்றியது யாருக்காக? ராயப்பன் கெஞ்சியபோது நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டது யாருக்காக? மாதா கேட்கவே இல்லையே, ஒருநாளும் கேட்கவில்லையே, கேட்டதெல்லாம் இவளே, கொடுத்ததும் இவளே, இவளுடையதாக இல்லாததை. மாதா வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டியிருந்தால் கூட இவள் விட்டிருக்க மாட்டாள். அதற்குள்ளேயே இன்னொரு மூலையில் பயம் அசையாமல் உட்கார்ந்திருந்தது. சட்டமாம். ஃபாதரிடம் ஒரு வார்த்தையாம். அந்தக் குழாயடியில் நின்றது ஃபாதரா? காய்ச்சல் இறங்கியதே, அது எதற்காக இறங்கியது? இனி ஜெசிந்தா தும்மினாலும் இவளுக்குத் தூக்கிவாரிப் போடத்தான் போகிறது, எந்தச் சட்டம் வந்து அதை நிறுத்தும். டீச்சர் நாலாம் மறைபொருளைச் சொன்னார். இயேசு சிலுவை சுமந்து சென்றது. சொந்தச் சரக்கு எதுவும் சேர்க்கவில்லை. குரல் இறங்கிப் போயிருந்தது. ஒவ்வொரு மணிக்கும் நிறுத்தி, இவள் பாதியை முடிக்கும் வரை பொறுமையாகக் காத்திருந்தார். ஆறு இருபத்தெட்டுக்கு, பத்து முடிந்ததும், "போன் பண்ணணுமா?" என்று கேட்டார். அமலோற்பவம் தலையாட்டினாள். டீச்சர், நீங்க இத்தன வெள்ளிக்கிழமை சோறு திங்காம என்று ஆரம்பித்தாள். "அத விடு. சோறு எங்க போவுது" என்றார் டீச்சர். "போ. மிச்சப் பத்த நான் சொல்லிக்கிறேன். ரெண்டு பக்கமும் நானே சொல்லிக்கிறேன்."

வெளியே, மாதா சொரூபம் வைத்த கெபிக்குப் பின்னால் சுவரோரம் போய் நின்றாள். செருப்பைப் போட மறந்திருந்தாள், தரை இன்னும் சுட்டது. ஒரே மணிதான் அடித்தது, ஜெசிந்தா எடுத்துவிட்டாள். பின்னால் குக்கர் விசில் கேட்டது. "அம்மா? ஜெபம் பண்ணுனியா?" என்றாள். பண்ணினேன் என்றாள் அமலோற்பவம். "மாதா என்ன சொல்றாங்க?" விளையாட்டாகக் கேட்கவில்லை, அதுதான் கொடுமை, உண்மையிலேயே கேட்டாள். "மாதா ஒண்ணும் சொல்லலடி. நான் சொல்றேன். வந்துடு." நிறுத்தினால் அப்புறம் வாய் வராது என்று அமலோற்பவத்துக்குத் தெரியும், ஆகவே நிறுத்தாமல் சொன்னாள். பெரியாஸ்பத்திரி, குழாயடி, வாயால் சொன்னது, அப்புறம் ஒவ்வொன்றாக நடத்தியது, அது செல்லவே செல்லாது என்று கால் மணி நேரத்துக்கு முன்னால் தெரிந்தது. அழாமல் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள், அழுதுகொண்டுதான் சொன்னாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். திட்டினால் நன்றாக இருக்கும், ஏம்மா இப்படிப் பண்ணினே என்று ஒருமுறை கத்தினால் காலில் விழுந்துவிடலாம். "அப்ப எனக்கு எத்தன வயசு?" என்று கேட்டாள் ஜெசிந்தா. நாலு. "ம்" என்றாள். யாரோ சிஸ்டர் கூப்பிட, இதோ வர்றேன் சிஸ்டர் என்று இனிமையாகப் பதில் சொல்லிவிட்டு மறுபடி போனுக்கு வந்தாள். "அப்பாவுக்குத் தெரியுமா?" தெரியாது. "சொல்லிடாத, பாவம்."

"சரிம்மா, வர்றேன். மதர்கிட்ட நாளைக்குச் சொல்லிடுறேன். ஒண்ணு கேக்கட்டுமா?" கேளுடி என்றாள் அமலோற்பவம், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "எனக்கு என்னம்மா பிடிக்கும்?" என்றாள் ஜெசிந்தா. "நெசமாத்தான் கேக்குறேன். வந்து என்ன பண்றதுன்னு காலையிலேர்ந்து யோசிச்சுப் பாத்தேன், ஒண்ணும் தோணல. உனக்குத் தெரிஞ்சிருக்கும்ல?" அமலோற்பவம் சொல்ல வாயெடுத்தாள். இந்தப் பிள்ளையைத் தவிர வேறு எதையும் இருபது வருஷமாக நினைத்தவள் இல்லை அவள், கேட்டால் சொல்ல ஆயிரம் இருக்கும் என்றுதான் நினைத்தாள். ஒன்றைத் தேடினாள், இன்னொன்றைத் தேடினாள், எல்லாம் இவளாகப் பார்த்துப் பிடிக்க வைத்தவையாகவே வந்தன. அம்மா லைன்ல இருக்கியா என்றாள் ஜெசிந்தா. இருக்கேன்டி என்றாள்.